மரணசாதனத்தில் உங்கள் பெயர் இல்லையா? வன்னியில் அதை எதிர்ப்பதற்கான முழுமையான வழிகாட்டி

அந்தியேட்டி முடிந்த கையோடு ஒரு மரணசாதனம் (உயில்) வெளியே வருகிறது. குளத்தின் கீழுள்ள வயலும் வீட்டு வளவும் ஒரு பிள்ளைக்கே எழுதப்பட்டிருக்கின்றன. மற்றவர்களின் பெயர் அதில் எங்கும் இல்லை. முள்ளியவளையிலோ பரந்தனிலோ ஒட்டுசுட்டானிலோ இது புதிய கதை அன்று. இடம்பெயர்வின்போது ஒரே தறப்பாளின் கீழ் கிடந்த சகோதரங்கள் நீதிமன்ற வாசலில் முகம் திருப்பிக்கொண்டு நிற்பதைப் பார்க்க நெஞ்சு வலிக்கிறது. ஆனாலும் ஏமாற்றப்பட்டவர் பேசாமல் இருந்துவிட வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். எதிர்க்க வழி உண்டு. அந்த வழி எங்கே தொடங்குகிறது, எவ்வளவு காலம் கிடைக்கும், எங்கே பணம் வீணாகும் என்பவற்றை இங்கே எழுதுகிறேன்.

எல்லாவற்றுக்கும் முன்

“பெற்ற பிள்ளையை எப்படி விலக்கலாம்?” என்பதுதான் எல்லோரும் முதலில் கேட்கும் கேள்வி. சட்டத்தின் பதில் கசப்பானது: விலக்கலாம். 1844 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்க மரணசாதனக் கட்டளைச் சட்டம், ஒருவர் தன் சொத்தைத் தான் விரும்பியவருக்கு எழுதிவைக்க முழு உரிமை கொடுக்கிறது. பிள்ளையையோ பெற்றோரையோ விலக்குவதற்குக் காரணம் சொல்லவும் தேவையில்லை. வேறு எந்த வழக்கமும் அதற்குத் தடையாகாது என்றும் அச்சட்டமே சொல்கிறது. ஆகவே “இது அநியாயம், நான்தான் கடைசிவரை பார்த்தேன்” என்பது மட்டும் வழக்கு ஆகாது. நீதிபதி இரக்கத்தோடு கேட்பார், ஆனால் அதை வைத்துத் தீர்ப்பு எழுதமாட்டார்.

வழக்கு ஆகக்கூடியவை மூன்று. இது அவருடைய விருப்பமே அன்று. எழுதப்பட்ட முறை சட்டப்படி செல்லாது. அல்லது, எழுதப்பட்ட சொத்து அவர் எழுதிவைக்கக்கூடிய சொத்தே அன்று. உங்கள் மனக்குறை இந்த மூன்றில் எதற்குள் அடங்கும் என்பதைக் கண்டுபிடித்த பிறகே அடுத்த காலை எடுத்துவையுங்கள்.

படி 1: காணி எந்த வகை என்று பாருங்கள்

வன்னியில் இந்தப் படியைத் தாண்டிப் போகவே கூடாது. யாழ்ப்பாணக் குடாநாட்டில் பெரும்பாலும் உறுதிக் காணி, அதாவது உறுதிப் பத்திரத்தால் கைமாறும் தனியார் காணிதான். இங்கே அப்படி இல்லை. குடியேற்றத் திட்டங்களில் கொடுத்த வயலும் மேட்டுக்காணியும் பெருமளவு அரச காணி. 1935 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரமோ அளிப்புப் பத்திரமோ கொடுக்கப்பட்டவை அவை. ஜயபூமி, ஸ்வர்ணபூமி என்ற பெயர்களில் வந்த பத்திரங்களும் அந்த வகையே.

இந்தக் காணிகளுக்கு உரிமை போகும் பாதை வேறு. வடக்குத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமைப்படியும் போகாது, சாதாரண மரணசாதனத்தில் “என் மூன்று பிள்ளைகளுக்கும் சமமாக” என்று எழுதினாலும் அப்படிப் பிரியாது. காணியாளருக்குப் பின் காணியைப் பெறும் பின்னுரிமையாளர் என்று ஒருவர் நியமிக்கப்பட்டிருக்கிறாரா, அந்த நியமனம் உரிய முறையில் பதியப்பட்டதா என்பதே கேள்வி. சாதாரண நியமனப் பத்திரம், காணியாளர் உயிரோடு இருக்கும்போதே காணிப் பதிவகத்தில் பதியப்பட்டிருக்க வேண்டும். இறந்த பிறகு கொண்டுபோய்ப் பதிந்தது செல்லாது. உயிரோடு இருக்கும் கணவன் அல்லது மனைவிக்குச் சீவிய உரித்து, அதாவது உயிருள்ளவரை அனுபவிக்கும் உரிமை, உண்டு. அவரோ நியமிக்கப்பட்டவரோ இறப்பு நடந்து 6 மாதங்களுக்குள் காணியைப் பொறுப்பேற்காமல் விட்டால் உரிமையை இழக்க நேரும். யாரும் நியமிக்கப்படாவிட்டால் சட்டத்தின் அட்டவணையிலுள்ள உறவு வரிசைப்படி ஒருவருக்கே போகும். அந்த வரிசையில் ஆணுக்கு முன்னுரிமை கொடுத்த பழைய ஏற்பாட்டை 2022 ஆம் ஆண்டுத் திருத்தம் நீக்கியது. “நீ பெண்பிள்ளை, உனக்கு வராது” என்று அலுவலகத்திலேயே யாராவது சொன்னால் இந்தத் திருத்தத்தை நினைவூட்டுங்கள்.

ஆகவே முதல் பயணம் சட்டத்தரணியிடம் அன்று, பிரதேச செயலகத்தின் காணிக் கிளைக்கு. காணிப் பேரேட்டில் யாருடைய பெயர் இருக்கிறது, நியமனம் எப்போது பதியப்பட்டது என்று கேளுங்கள். வாய்மொழிப் பதிலோடு திரும்பி வராதீர்கள். இழுத்தடித்தால் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுத்தில் விண்ணப்பியுங்கள். கோரிக்கை மீதான தீர்மானத்தை 14 வேலை நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும். சண்டை முழுவதும் அனுமதிப்பத்திரக் காணியைப் பற்றியதென்றால், மரணசாதனத்தை எதிர்க்கும் வழக்கில் பணத்தைக் கொட்டுவதைவிட அந்த நியமனத்தைத் துருவிப் பார்ப்பதே மேல்.

உறுதிக் காணி என்றால் உறுதியை எடுத்துப் படியுங்கள். யாருடைய பெயரில் வாங்கப்பட்டது? தாயின் சீதனக் காணியைத் தகப்பன் மரணசாதனத்தில் எழுதிவைத்தால் அந்தப் பகுதி பயனற்றது, ஏனென்றால் அது அவருடையது அன்று. இருவர் பெயரிலும் வாங்கிய காணியில் தாயின் பங்கையும் அவரால் கொடுக்க முடியாது. போரில் உறுதி எரிந்தோ தொலைந்தோ போயிருந்தால் காணிப் பதிவகத்தில் பதிவுப் பிரதி தேடலாம். பதிவேடுகளே அழிந்த இடங்களில், உறுதி எழுதிய நொத்தாரிசின் பிரதியும் கமநல சேவை நிலையத்தின் பதிவேடும் பழைய வழக்குக் கோவைகளும் கைகொடுக்கும்.

இன்னொன்று. கையில் காட்டப்பட்ட கடதாசி உண்மையில் மரணசாதனம்தானா? சீவிய உரித்தை வைத்துக்கொண்டு உயிரோடு இருக்கும்போதே எழுதிக் கொடுத்த நன்கொடை உறுதியையும் ஊரில் “எழுதி வைத்துவிட்டார்” என்றுதான் சொல்வார்கள். நன்கொடை உறுதியை எதிர்ப்பது முற்றிலும் வேறு வழக்கு, வேறு காலக்கெடு. அப்படியானால் உடனே ஒரு சட்டத்தரணியைப் பாருங்கள்.

படி 2: சாதனம் விழுந்தால் உங்களுக்கு என்ன வரும்?

இதைக் கணக்குப் பார்க்காமல் வழக்குக்குப் போகிறவர்கள் பலர். மரணசாதனம் செல்லாது என்று தீர்ந்தால், முந்திய செல்லுபடியான சாதனம் ஏதாவது இருந்தால் அது நடைமுறைக்கு வரும். ஒன்றும் இல்லையென்றால் சாதனம் எழுதாமல் இறந்தவரின் சொத்தாகப் பிரியும்.

வட மாகாணத்தை நிலையான வதிவிடமாகக் கொண்ட தமிழருக்குத் ஒல்லாந்தர் 1707 இல் தொகுத்த தேசவழமையும், 1911 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமும் பொருந்தும். பெற்றோர் வழிவந்த முதுசம் பிள்ளைகளுக்குச் சமமாகப் போகும். மணவாழ்வில் தேடிய தேட்டத்தில் பாதி வாழ்க்கைத் துணைக்கும் மறுபாதி உரித்தாளிகளுக்கும். இங்கே ஓர் எச்சரிக்கை: “தேட்டத்தில் பாதி எப்படியும் அம்மாவுக்கு” என்ற ஊர்ப்பேச்சை அப்படியே நம்பாதீர்கள். 1947 ஆம் ஆண்டுத் திருத்தம், மரணசாதனத்தாலோ வேறு வழியாலோ கொடுக்கப்படாமல் எஞ்சிய தேட்டத்தையே இப்படிப் பாதியாக்குகிறது. தகப்பன் தன் தேட்டத்தைச் சாதனத்தில் எழுதிவிட்டால் அந்தச் சாதனம் நிற்கிறதா விழுகிறதா என்பது தாயின் பிழைப்புக்கே முக்கியமாகிவிடும்.

சீதனம் பெற்றுக் கலியாணம் செய்த மகளுக்கு மேலும் உரிமை உண்டா என்ற பழைய வாதமும் இந்த இடத்தில்தான் எழும். சகோதரர்கள் கட்டாயம் எழுப்புவார்கள். சீதன உறுதியை முதல் நாளே உங்கள் சட்டத்தரணியிடம் காட்டிவிடுங்கள், மறைக்க வேண்டாம்.

1977 வன்செயலுக்குப் பின் மலையகத்திலிருந்து வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் வந்து குடியேறிய குடும்பங்களுக்குத் தேசவழமை பொருந்துமா என்பது வழக்கிலேயே வாதாட வேண்டிய கேள்வி. பொதுச் சட்டம் பொருந்தினால், 1876 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி பாதி வாழ்க்கைத் துணைக்கு, மீதி பிள்ளைகளுக்கு. முஸ்லிம்களுக்கு 1931 ஆம் ஆண்டின் தனிச் சட்டம் இருக்கிறது.

காணாமல் ஆக்கப்பட்ட சகோதரத்தின் பங்கை மறந்துவிடாதீர்கள். அவருடைய மனைவியையும் பிள்ளைகளையும் கணக்கில் எடுக்காமல் மற்றவர்கள் மட்டும் கூடிப் பிரிப்பது வன்னியில் நடக்கும் கொடுமைகளில் ஒன்று. அவரை இறந்தவராகப் பதிய மனம் ஒப்பாத குடும்பங்களுக்காக, காணாமல் போனவர் என்று உறுதிப்படுத்தும் சான்றிதழை வழங்க 2016 ஆம் ஆண்டின் சட்டத் திருத்தம் வழிசெய்தது. மரணச் சான்றிதழ் எடுக்க அந்தப் பெண்ணை நெருக்கும் முன் இந்த வழியைக் கேட்டுப் பாருங்கள்.

படி 3: வழக்கு தொடங்கிவிட்டதா என்று தேடுங்கள், கேவியட் போடுங்கள்

மரணசாதனம் வைத்திருப்பவர் அதை மாவட்ட நீதிமன்றத்தில் ஒப்படைக்க வேண்டும். அதில் நிறைவேற்றுநராகப் பெயரிடப்பட்டவர், சாதனம் கண்டெடுக்கப்பட்ட நாளிலிருந்து மூன்று மாதங்களுக்குள் அதை நிரூபித்து புரோபேட் (சாதனத்தை ஏற்று நீதிமன்றம் கொடுக்கும் பத்திரம்) பெற விண்ணப்பிக்க வேண்டும் என்பது குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் விதி. விண்ணப்பம் வந்ததும் பத்திரிகையில் அறிவித்தல் வெளியாகும். அதில் ஒரு திகதி இருக்கும். அதற்குள் எதிர்ப்பைத் தெரிவிக்க வேண்டும்.

எதிர்ப்பு வரும் என்று தெரிந்தவர்களை எதிர்மனுதாரராகச் சேர்க்க வேண்டும் என்று சட்டம் இருந்தும், “யாரும் எதிர்க்கமாட்டார்கள்” என்று சத்தியக் கடதாசி கொடுத்துவிடுகிறவர்கள் உண்டு. ஆகவே அழைப்பாணை வரும் என்று வீட்டில் காத்திருக்காதீர்கள். இறந்தவர் வசித்த இடத்து நீதிமன்றத்திலும் காணி இருக்கும் இடத்து நீதிமன்றத்திலும் பதிவாளர் அலுவலகத்தில் கேளுங்கள். முல்லைத்தீவில் வயல் இருக்க, மகனோடு வவுனியாவில் இருந்து இறந்தவர் என்றால் இரண்டு இடமும் போக வேண்டும். வழக்கு இலக்கம் கிடைத்ததும் மனு, மரணசாதனம், சத்தியக் கடதாசிகள் எல்லாவற்றுக்கும் உறுதிப்படுத்திய பிரதி எடுங்கள்.

காணிப் பதிவகத்தில் ஒன்றும் இல்லை என்பதால் மரணசாதனமே இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். அது நொத்தாரிசின் அலுமாரியில் இருக்கலாம்.

அறிவித்தல் வந்த பின் குறிப்பிட்ட நாளுக்குள் போடும் கேவியட், உங்களைக் கேட்காமல் புரோபேட் கொடுக்க வேண்டாம் என்று நீதிமன்றத்துக்குச் சொல்லும் பத்திரம். இந்த ஒன்றைச் சரியான நாளில் செய்தவருக்கும் செய்யாதவருக்கும் இடையில் உள்ள தூரம் மிகப் பெரிது. முன்னவரின் வழக்கில், சாதனம் உண்மையானது என்று நிரூபிக்கும் பாரம் மற்றப் பக்கத்தின் தோளில் இருக்கிறது. பின்னவர், கொடுத்த புரோபேட்டை மீளப் பெறுமாறு தானே போய்க் கேட்க வேண்டும்.

படி 4: எந்தக் காரணத்தில் நிற்கப் போகிறீர்கள்?

முறை பிழைத்ததா என்பதை முதலில் பாருங்கள், அது கடதாசியிலேயே தெரியும். 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, மரணசாதனத்தின் முடிவில் எழுதியவர் கையொப்பமிட வேண்டும். அது ஒரு நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் ஒரே நேரத்தில் கூட இருக்க நடக்க வேண்டும். நொத்தாரிசு இல்லையென்றால் ஐந்து சாட்சிகள், அவர்களும் ஒரே நேரத்தில். இடம்பெயர்ந்து கிடந்த காலத்தில் எழுதப்பட்டதாகச் சொல்லும் ஐந்து சாட்சிச் சாதனம் உங்கள் முன் வந்தால், அந்த ஐந்து பேரும் அன்றைக்கு எங்கே இருந்தார்கள் என்று கேளுங்கள். ஒருவர் மாத்தளனிலும் ஒருவர் வவுனியா முகாமிலும் இருந்த மாதத்தில் ஒரே பாயில் இருந்து கையொப்பம் வைத்திருக்க முடியாது. முகாம் பதிவு, நிவாரண அட்டை, மருத்துவமனைத் துண்டு எல்லாம் இங்கே சாட்சி பேசும். பயன் பெறுகிறவரோ அவருடைய கணவன் மனைவியோ சாட்சியாகக் கையொப்பமிட்டிருந்தால் அதையும் சட்டத்தரணியிடம் சொல்லுங்கள்.

எழுதியவர் அதற்குப் பிறகு திருமணம் செய்திருந்தால் அந்தச் சாதனம் திருமணத்தோடு இரத்தாகிவிடும். போரில் துணையை இழந்து மறுமணம் செய்தவர்களின் குடும்பங்களில் இதைத் திகதி பார்த்துச் சரிபாருங்கள். பிந்திய சாதனம் ஒன்று இருந்தாலும் முந்தியது போய்விடும்.

அடுத்தது மனத்தெளிவு. தன்னிடம் என்ன சொத்து இருக்கிறது, தனக்கு யார் யார் உண்டு, தான் செய்வது என்ன என்று விளங்கும் நிலையில் அவர் இருந்தாரா? வயதாகிவிட்டது, நோய் என்பது மட்டும் போதாது. பாரிசவாதத்தில் பேச்சிழந்தவர்கூடத் தெளிவாக இருக்கலாம். ஆனால் சாதனம் எழுதிய அந்த நாளில் கடுமையான மருந்து மயக்கத்தில் இருந்தார், பிள்ளைகளையே அடையாளம் காணவில்லை என்று காட்ட முடிந்தால் அது வலுவான காரணம்.

பலவந்தம், தகாத செல்வாக்கு என்பவை சொல்ல எளிது, நிரூபிக்கக் கடினம். கவனித்துக்கொண்ட பிள்ளை கெஞ்சிக் கேட்டது பலவந்தம் ஆகாது. மற்றப் பிள்ளைகளைப் பார்க்க விடாமல் அடைத்து வைத்தது, சாப்பாடும் மருந்தும் தரமாட்டேன் என்று மிரட்டியது, தானே நொத்தாரிசைக் கூட்டிவந்து தானே சாட்சிகளைப் பிடித்தது, இவை கூடும்போது நீதிமன்றத்துக்குச் சந்தேகம் வரும். அந்தச் சந்தேகத்தைத் தீர்க்க வேண்டியது சாதனத்தை முன்வைப்பவரின் கடமை. என் கணிப்பில் வன்னி வழக்குகளில் அதிகம் எடுபடக்கூடியது இதுதான்: எழுத வாசிக்கத் தெரியாத தாயின் பெருவிரல் அடையாளத்தோடு, அவருக்கு விளங்காத ஆங்கிலத்தில், நன்மை பெறும் பிள்ளையின் வீட்டில் எழுதப்பட்ட சாதனம். அதை வாசித்து விளக்கியது யார், எந்த மொழியில் என்ற ஒரு கேள்வியில் முழு வழக்கும் திரும்பலாம்.

கள்ளக் கையொப்பம் என்று சொல்வதானால் உறுதியாக இருங்கள். கோபத்தில் சொல்லிவிட்டுப் பின்வாங்கினால் மற்ற உண்மைக் காரணங்களும் எடுபடாமல் போகும்.

படி 5: சான்றுகளை உடனே சேர்க்கத் தொடங்குங்கள்

சாதனத்தில் எழுதியிருக்கும் திகதியை நடுவில் வைத்து, அதற்கு முன்னும் பின்னும் சில மாதங்களைத் துருவுங்கள். கிளினிக் கொப்பி, மருத்துவமனையில் தங்கியிருந்த குறிப்புகள், மருந்துச் சிட்டைகள். மருத்துவமனைக் கோவையை நீதிமன்றம் அழைப்பாணை அனுப்பி வரவழைக்கும். நீங்கள் செய்ய வேண்டியது எந்த வார்ட்டில், எந்தத் திகதிகளில் என்பதைச் சரியாகக் கொடுப்பது. கையொப்பம் ஒப்பிட வங்கிப் படிவம், ஓய்வூதியப் படிவம், பழைய உறுதி போன்ற உண்மையானவை வேண்டும். ஒப்பிடும் வேலையை அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் திணைக்களத்தின் ஆவணப் பரிசோதகர் செய்வார்.

கையொப்பமிட்ட சாட்சிகளில் ஒருவரையாவது, உயிரோடு இருந்தால், மன்றுக்கு அழைக்காமல் மரணசாதனத்தை நிரூபிக்க முடியாது. அவர்கள் யார், இறந்தவருக்கு உண்மையில் தெரிந்தவர்களா, பயன் பெறுகிறவரின் நண்பர்களா என்று அறிந்து வையுங்கள். ஆனால் போய் மிரட்டவோ பணம் பேசவோ கூடாது. அது உங்கள் வழக்கையே முடித்துவிடும்.

அயலவர், வீட்டுக்கு வந்து ஊசி போட்ட தாதி, கோவில் ஐயர், பாதிரியார், கிராம அலுவலர் ஆகியோர் அந்த நாட்களில் அவரைக் கண்டவர்கள். அவர்கள் நினைவு மங்கும் முன் என்ன கண்டார்கள் என்பதை எழுதி வையுங்கள். குறுஞ்செய்தி, வைபர் ஒலிப்பதிவு எதையும் அழிக்காதீர்கள்.

படி 6: வழக்கு நடக்கும் காலம்

பணம் இல்லையென்று ஒதுங்க வேண்டாம். 1978 ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான சட்ட உதவி ஆணைக்குழுவிடம் போய் வருமான நிலையைக் காட்டி உதவி கேட்கலாம். தனியார் சட்டத்தரணியிடம் போனால், காணி வழக்குப் பேசுகிறவர் என்பதோடு மரணசாதன வழக்கு நடத்தியவரா என்றும் கேளுங்கள். ஒவ்வொரு தவணைக்கும் எவ்வளவு, சான்று விசாரணைக்கு எவ்வளவு என்று முதல் நாளே பேசிவிடுங்கள். வெளிநாட்டில் இருக்கும் சகோதரம் உங்கள் பக்கம் என்றால் தனக்காகச் செயற்பட அதிகாரம் கொடுக்கும் அற்றோணித் தத்துவத்தை அவர் அனுப்பட்டும். உண்டியலில் காசு மட்டும் அனுப்பினால் அவருடைய குரல் மன்றில் கேட்காது.

வழக்கு ஆண்டுக்கணக்கில் போகும். அதற்கிடையில் உங்களை வீட்டிலிருந்தோ வயலிலிருந்தோ விரட்டினால், மரணசாதன வழக்கு முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். பொலிசில் முறையிட்டு, 1979 ஆம் ஆண்டின் ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66 ஆம் பிரிவில் மனுச் செய்யலாம். வெளியேற்றப்பட்டு இரண்டு மாதங்களுக்குள் மனு போகவேண்டும். யாருக்குச் சொந்தம் என்று அந்த வழக்கு தீர்ப்பதில்லை, யார் இருப்பில் இருந்தார் என்பதை மட்டும் பார்க்கும். அதற்காகவே அது விரைவாக உதவும்.

சமரசம் பேசுவது தோல்வி அன்று. சாட்சி விசாரணை தொடங்கும் முன் பேசுவது நல்லது, அதற்குப் பிறகு சொல்லப்பட்ட சொற்கள் குடும்பத்தை விட்டுப் போவதில்லை. ஆனால் பெரியவர்கள் முன்னிலையில் வாயால் முடித்த சமரசம் வயல் விதைக்கும் காலம் வரும்போது மறக்கப்படும். யாருக்கு எந்தத் துண்டு, பாதை எங்கே, கிணறு யாருக்கு, தாய் எங்கே இருப்பார் என்பதை நில அளவையாளரின் வரைபடத்தோடு எழுதி, நீதிமன்றப் பதிவில் ஏற்றி, அதற்கேற்ப உறுதியும் முடித்துக்கொள்ளுங்கள்.

படி 7: பிந்திவிட்டால்

புரோபேட் ஏற்கெனவே கொடுக்கப்பட்டுவிட்டது என்று கேள்விப்பட்டால் எல்லாம் முடிந்துவிட்டதாக நினைக்க வேண்டாம். சாதனம் நிரூபிக்கப்பட்டதாக ஏற்றிருக்கக்கூடாது என்று மாவட்ட நீதிமன்றத்தைத் திருப்திப்படுத்தினால், சட்டக்கோவையின் 536 ஆம் பிரிவின் கீழ் புரோபேட்டை மீளப்பெற்று இரத்துச் செய்ய முடியும். உங்களுக்கு ஏன் முன்னர் தெரியவில்லை என்பதற்கு நேர்மையான விளக்கம் வேண்டும். முகாமில் இருந்தேன், வெளிநாட்டில் இருந்தேன், பங்காளி என்று என் பெயரையே மறைத்தார்கள் என்றால் அதற்கான கடதாசியோடு போங்கள். காணி அதற்குள் மூன்றாம் ஆளுக்கு விற்கப்பட்டால் சிக்கல் பலமடங்காகும், ஆகவே தெரிந்த கிழமையே செயற்படுங்கள்.

தீர்ப்பு உங்களுக்கு எதிராக வந்தால் மேன்முறையீட்டு அறிவித்தல் 14 நாட்களுக்குள்ளும், மேன்முறையீட்டு மனு தீர்ப்புத் திகதியிலிருந்து 60 நாட்களுக்குள்ளும் தீர்ப்பளித்த மாவட்ட நீதிமன்றத்திலேயே கொடுக்கப்பட வேண்டும். தீர்ப்பு வாசிக்கப்படும் நாளில் நீங்கள் மன்றில் இருங்கள். அன்றே பிரதிக்கு விண்ணப்பித்துவிட்டு, மேன்முறையீடு செய்வதா இல்லையா என்பதை அதே கிழமைக்குள் சட்டத்தரணியோடு இருந்து தீர்மானியுங்கள்.